நல்லெண்ணெய் உறையுமா, சயா?

கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "ஐயா எந்த உத்தியோகத்தில இருந்தீங்க?" என்று கேட்டால், "முதலில் பாயசம் வரட்டும், பிறகு சொல்கிறேன்" என்பது என் வழக்கம். அவசரப்பட்டுச் சொல்லி இரண்டு மூன்று பேரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பிவிட்ட அனுபவம் உண்டு. ரங்கூன் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் கொழுப்புத் தொட்டிகளை மூடி திறந்து பார்ப்பதுதான் என் வேலை. இருபத்தெட்டு வருஷம் பார்த்தேன்.

போன மாதம், இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஓட்டல்களுக்கும் டீக்கடைகளுக்கும் புதிய விதிகள் எழுதுகிறார்களாம். தொட்டியின் நீளம், அகலம், ஆழம் எல்லாம் கணக்காகப் போட்டிருந்தார்கள். "தொட்டி சுத்தமாக இருந்தால் கடைக்கு நல்ல சான்றிதழ்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதுகிறேன்.

என் அப்பா ரங்கூனை அடுத்த இன்சீன் ரயில்வே பட்டறையில் கிளார்க். மிஷன் பள்ளியில் படித்து, ஆறு மாதம் குழாயின் சரிவு, இணைப்பு, காற்றுப்போக்கு என்று பாடம் கேட்டு, ஒரு பரீட்சை எழுதி முனிசிபல் சுகாதாரப் பிரிவில் சேர்ந்தேன். அந்தப் பாடத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை. தினமும் காலை இன்சீனிலிருந்து ரயில், சாயங்காலம் திரும்ப ரயில். திரும்பும்போது என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். எனக்கு அது வசதிதான்.

கொழுப்புத் தொட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் நேராகத் தெருக் குழாய்க்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு தொட்டி. செங்கல்லிலோ வார்ப்பிரும்பிலோ இருக்கும். தண்ணீர் அதில் சற்று நேரம் நின்று ஆறும். ஆறினால் கொழுப்பு மேலே மிதந்து ஆடையாகக் கட்டும். வெளியே போகிற குழாயின் வாய் தொட்டியின் அடிப்பக்கத்தில் இருப்பதால், நடுத் தண்ணீர் மட்டும் வெளியேறும், கொழுப்பு மேலேயே தங்கும். கடைக்காரர் செய்ய வேண்டியது, வாரம் ஒருமுறை, இறைச்சிக் கடையென்றால் இரண்டு மூன்று முறை, அந்த ஆடையை அகப்பையால் வழித்து மூடி போட்ட டின்னில் போடுவது. சவுக்காரம் காய்ச்சுகிறவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். அவ்வளவுதான் விஞ்ஞானம். இதைச் செய்ய வைப்பதற்குத்தான் ஓர் இலாகா, நோட்டீஸ் புத்தகம், நான்.

என் மேலதிகாரி ஊ சான் டின். பர்மியர். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, சந்தன நிறத்தில் பட்டுத் தலைக்கட்டு, கஞ்சி போட்ட வெள்ளை மேல்சட்டை, லுங்கி. சாக்கடை வேலைக்கு அப்படி உடுத்திக்கொண்டு வருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் சட்டையில் ஒரு பொட்டு அழுக்குப் பட்டும் பார்த்ததில்லை. தொட்டியைக் குனிந்து பார்ப்பதற்கு முன்னால் தலைக்கட்டைக் கழற்றி, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர் கையில் கொடுத்துவிடுவார். அது கடை முதலாளியாக இருந்தாலும் சரி, வெள்ளைக்காரராக இருந்தாலும் சரி. இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு நிற்கிற ஆளுக்கு வாதாடத் தோன்றாது. அதைத் தெரிந்தே செய்தாரா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

அவர் தமிழ் பேசுவார். ஆனால் அதைச் சாக்கடைக் குழாய் குத்துகிற நம் ஆட்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்களில் பாதியை வீட்டில் சொல்ல முடியாது. "தயவு பண்ணி மூடி தூக்கு" என்று மரியாதையாக ஆரம்பிப்பார். வாக்கியம் முடிவதற்குள் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும். தான் சொல்வதன் அர்த்தம் அவருக்கு முழுதாகத் தெரியாது. ஆட்களும் சொல்லித் தரவில்லை. என்னிடம் மட்டும் பர்மியத்தில் பேசுவார். "மவுங் வேதா", அதாவது வேதா தம்பி, என்பார். வேதநாயகம் என்ற என் பெயரை அவ்வளவு நீளத்துக்கு யாரும் கூப்பிடக் கூடாது என்பது அவர் கருத்து. பர்மியத்தில் ஐயாவுக்குச் "சயா"; ரங்கூனில் தமிழர்களும் அதிகாரிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் ஒரு கோடைகாலம், மழை தொடங்க இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில், ஒரே மாதத்தில் மூன்று தடவை குழாய் அடைத்துக்கொண்டது. தெருவின் மேல்முனையில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு பெரிய ஓட்டல். பெயர் வேண்டாம். நடுவில் ஒரு பிரியாணிக் கடை, ஒரு சீனர் கடை. தாழ்வான கீழ்முனையில், துறைமுகத்துத் தொழிலாளிகளுக்குச் சோறு போடுகிற தேவானை அக்காவின் மெஸ். அடைப்பு ஒவ்வொரு தடவையும் அந்த மெஸ்ஸைத் தாண்டிப் பத்தடி தூரத்தில்தான் விழுந்தது. சாக்கடை பொங்கிக் கீழ்வீடுகளுக்குள் வந்தது. காலரா வருகிற காலம். மேலே இருந்து எங்களுக்குக் கடிதத்துக்குமேல் கடிதம்.

நான் தெரு முழுக்கத் தொட்டிகளைப் பார்த்தேன். ஓட்டல் தொட்டி கண்ணாடி போல இருந்தது. என் முகம் அதில் தெரிந்தது. அங்கே பட்லர் சவரிமுத்து, பெரிய மீசை, தோளில் வெள்ளைத் துண்டு. "நம்ம கிச்சன் தொட்டில கையை விட்டு அப்படியே சாப்பிடலாம், சார்" என்றார். நான் என் புத்தகத்தில் "மிகவும் திருப்தி" என்று எழுதினேன். அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பிரியாணிக் கடையும் சீனர் கடையும் சுமார். தேவானை அக்காவின் தொட்டி மூடியைத் திறந்தேன். விளிம்புவரை வெள்ளையாகக் கெட்டிக் கொழுப்பு. குச்சியை விட்டால் நின்றது.

எனக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

"அக்கா, இதை எப்போ வழிச்சீங்க?"

"முந்தாநாள்தான் வழிச்சேன், சயா. வழிக்க வழிக்க வருது. எங்கேருந்து வருதுன்னே தெரியல."

எல்லாரும் சொல்கிற பொய்தான் என்று நினைத்தேன். தேவானை அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். புருஷன் துறைமுகத்தில் மூட்டை விழுந்து கால் ஒடிந்து வீட்டில் கிடந்தார். அந்தக் கடையில்தான் குடும்பம் ஓடியது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் மூடல் நோட்டீஸை எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அதைக் கதவில் ஒட்டி, விதிப்படி சத்தமாகப் படித்தேன். 'இந்தச் சமையலறையின் கழிவுக் கொழுப்பினால் பொதுக் குழாய்க்குச் சேதம் விளைந்தபடியால்' என்று தொடங்கும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டுத் தணலில் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் சத்தம் எனக்கு அன்று ரயிலில் போகும்போதும் கேட்டது. ஆனாலும் வேலையைச் சரியாகச் செய்தோம் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் குழாய் மேஸ்திரி அப்பண்ணா அடைப்பை எடுத்து, குழாயைக் கழுவிவிட்டார். ஐந்து நாள் நிம்மதி. ஆறாம் நாள் மறுபடி அடைத்துக்கொண்டது. அதே இடம்.

அன்று காலை பத்து மணிக்கு நானும் ஊ சான் டின்னும் ஆபீசில் இருந்தோம். தேவானை அக்கா நேராக உள்ளே வந்தாள். பியூன் பின்னாலேயே "அம்மா, அம்மா" என்று ஓடி வந்தான். அவள் கையில் ஒரு பீங்கான் தட்டு, மேலே வாழை இலை. கக்கத்தில் ஒரு பாட்டில். தட்டை ஊ சான் டின் மேசை மேல், கோப்புகளின் மேலேயே வைத்து, இலையை எடுத்தாள். தேங்காய் அளவுக்கு ஒரு வெள்ளைக் கட்டி. அந்த அறையில் இருந்த இரண்டு கிளார்க்குகளும் ஒரே நேரத்தில் வெளியே போனார்கள்.

"உங்க மேஸ்திரி இன்னைக்குக் காலைல குழாயிலேருந்து எடுத்தது. கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றாள். "என் அடுப்பு ஆறு நாளா எரியல. தெரு பூரா சாட்சி. அப்போ இது யாரு வீட்டுக் கொழுப்பு?"

நான் ஊ சான் டின்னைப் பார்த்தேன். அவர் கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பாட்டிலை எடுத்துக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதைப் பாருங்க. நான் சமைக்கிறது இதுலதான். நல்லெண்ணெய். மீன் குழம்பு, காய், பருப்பு, கூடக் கொஞ்சம் நாப்பி மீன் விழுது. கறி போட எனக்குக் கட்டுப்படி ஆகாது. இந்த ரங்கூன் வெயில்ல நல்லெண்ணெய் உறையுமா, சயா? நீங்க படிச்சவரு, சொல்லுங்க."

ஊ சான் டின் தலைக்கட்டைக் கழற்றினார். பக்கத்தில் நின்றது தேவானை அக்காதான். அவள் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அந்தத் தலைக்கட்டுக்கு மசியாத ஒரே ஆள் அவள்தான். அவர் குனிந்து கட்டியை மோந்தார். நகத்தால் ஒரு துணுக்கு சுரண்டி, விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். அது இளகவில்லை, மெழுகுவர்த்தி போல உதிர்ந்தது.

"மாட்டுக் கொழுப்பு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, பர்மியத்தில் கேட்டார். "மவுங் வேதா, இந்த அம்மா என்ன சமைக்கிறார் என்று கேட்டாயா?"

"இல்லை, சயா."

அவர் கைக்குட்டையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுடைய மெஸ் தெருவிலேயே தாழ்வான இடம். குழாய் அவளைத் தாண்டி அடைத்துக்கொண்டால், சாக்கடை பின்னால் ஏறி, முதலில் அவள் தொட்டிக்குள்தான் புகும். கொழுப்பு மிதக்கிற சாமான், ஏறி வந்து அவள் தொட்டியில் தங்கிவிடும். அவள் முந்தாநாள் வழித்தது உண்மை. வழிக்க வழிக்க வந்ததும் உண்மை. ஊரார் கொழுப்பை அவள் வழித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டுக் கொழுப்பு அந்தத் தெருவில் எங்கே இருக்கும்? பிரியாணிக் கடையில் ஆடும் நெய்யும், அந்த வாடையே வேறு. சீனர் கடையில் பன்றி. அந்தக் கொழுப்பு வெண்ணெய் போல இளகியே இருக்கும். தினமும் மாட்டிறைச்சியைத் துண்டு துண்டாக வாட்டுகிற அடுப்பு ஓட்டலில் மட்டும்தான். ஆனால் ஓட்டல் தொட்டி கண்ணாடி. நானே மூன்று மாதமாக எழுதிக் கொடுத்த கண்ணாடி.

அன்று மத்தியானமே, சொல்லாமல் போனோம். நான், ஊ சான் டின், அப்பண்ணா, கூடவே, யாரும் கூப்பிடாமல், தேவானை அக்காவும். சமையலறைப் பின்கட்டில் இரண்டு ஆட்கள் ஒரு பெரிய செப்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆவி பறந்தது. சவரிமுத்து மேற்பார்வை.

"வாங்க சார், வாங்க! நல்ல நேரத்துலதான் வந்தீங்க. எப்படிச் சுத்தம் பண்றோம்னு நீங்களே பாருங்க" என்றார். மனிதருக்கு உண்மையான சந்தோஷம். துணி வெளுக்கிற சோடாவைப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை, மூன்று வேளையும், தொட்டியில் ஊற்றுவார்களாம். ஊற்றினார்கள். மேலே கட்டியிருந்த ஆடை ஒரு நொடியில் உருகிக் காணாமல் போனது. தொட்டி பளபளத்தது.

"பாத்தீங்களா? ஒரு பொட்டு கிடையாது!"

"எங்கே போச்சு?" என்று கேட்டாள் தேவானை அக்கா.

சவரிமுத்து அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "போச்சும்மா" என்றார். அந்தக் கேள்வி அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

எங்கே போயிற்று என்று பார்க்கத் தெருவுக்கு வந்தோம். சவரிமுத்துவும் துண்டோடு கூடவே வந்தார். ஊ சான் டின் தமது தமிழில் உத்தரவு போட, அப்பண்ணா முதல் மேன்ஹோல் மூடியைத் தூக்கினார். ஓட்டலிலிருந்து இருபதடி. தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாக ஓடியது, குழாய் சுத்தம். இரண்டாவது மேன்ஹோல், பிரியாணிக் கடை வாசலில். குழாயின் உள்சுவரில் பால் ஆடை போல ஒரு படலம். மூன்றாவது, தேவானை அக்கா கடையைத் தாண்டி. அப்பண்ணா கையை விட்டு எடுத்தார். முழங்கை கனத்துக்கு வெள்ளையாக, கெட்டியாக வந்தது. சூடாகப் போன கொழுப்பு தெருவெல்லாம் நடந்து, ஆறின இடத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆறின இடம் அவள் வாசல்.

சவரிமுத்து அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அம்மா, சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் அவளிடம். "நான் சுத்தமா வெச்சிருக்கிறதாத்தான் நெனச்சேன்."

"அது தெரியுது" என்றாள் அவள். கோபம் குறையவில்லை, ஆனால் அவர் மேல் இல்லை.

அதற்குள் ஓட்டல் மேனேஜர், சிவந்த முகத்து வெள்ளைக்காரர், வேகமாக வந்தார். ரங்கூனிலேயே சுத்தமான சமையலறை தம்முடையது, இந்த இலாகாவே மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறது, மேலே எழுதி உங்கள் வேலையைத் தொலைத்துவிடுகிறேன் என்று கத்தினார். அந்த மூன்று சான்றும் என் கையெழுத்து. ஊ சான் டின் அவர் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு தலைக்கட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு மேன்ஹோலுக்குள் குனிந்தார். மேனேஜர் நடுத்தெருவில், வெயிலில், பட்டுத் தலைக்கட்டை ஏந்திக்கொண்டு நின்றார். ஐந்து நிமிஷம் இருக்கும். ஊ சான் டின் நிமிர்ந்து, தலைக்கட்டை வாங்கிக் கட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் மிக மரியாதையாகச் சொன்னார்: "ஆமாம், உங்கள் தொட்டி மிகச் சுத்தம். எங்கள் புகாரே அதுதான்."

மேனேஜர் மேலே எழுதினார். ஊ சான் டின் என் மூன்று சான்றுகளையும் மறைக்காமல், அவற்றின் மேல் "இவை தவறு" என்று என்னையே எழுதவைத்து, அந்தக் கட்டியின் துண்டு ஒன்றை மூடி போட்ட டின்னில் வைத்துச் சேர்த்து அனுப்பினார். டின்னை மேலே யார் திறந்தார்களோ தெரியாது. இரண்டே நாளில் பதில் வந்தது. ஓட்டல் தொட்டியில் சுடுதண்ணீர் ஊற்றக் கூடாது, இரண்டு அறையுள்ள பெரிய தொட்டி கட்டவேண்டும், தினம் கையால் வழிக்கவேண்டும். என் சம்பள உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. வேலை தப்பியது.

அடுத்த மாதம் நான் ஓட்டலுக்குப் போனபோது, சவரிமுத்து தொட்டி மூடியைத் திறந்து காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மூன்று விரல்கடை கொழுப்பு. "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். பாவம், நான் கேலி செய்வதாக நினைத்தார்.

தேவானை அக்காவின் நோட்டீஸை எடுக்கிற வேலை மட்டும் மிச்சமிருந்தது. பியூனை அனுப்பிக் கிழித்துவிடலாம் என்று நினைத்தேன். ஊ சான் டின் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நீதானே ஒட்டினாய்?" என்றார். அதே மத்தியான வேளையில், அதே ஆட்கள் கூடியிருக்கப் போனேன். கிழிக்கக் கையை நீட்டியபோது தேவானை அக்கா தடுத்தாள்.

"ஒட்டும்போது சத்தமாப் படிச்சீங்க. என் கடைக் கொழுப்பால குழாய்க்குச் சேதம்னு எல்லாரும் கேட்டாங்க. இப்போ சும்மா கிழிச்சா, ஏதோ கெஞ்சிக் கூத்தாடித் திறந்தேன்னுதான் நெனப்பாங்க. என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடுங்க."

"அதுக்கு அச்சுப் பாரம் கிடையாது, அக்கா." உண்மையிலேயே கிடையாது. மூடுவதற்குப் பாரம் உண்டு, அபராதத்துக்கு உண்டு, திறப்பதற்கும் உண்டு. இலாகா தப்புச் செய்தது என்பதற்கு மட்டும் அச்சடிக்கவில்லை.

"வெள்ளைக் காயிதம் இருக்கா?"

நோட்டீஸின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் கடை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். 'தேவானை அம்மாள் கடையின் தொட்டியில் குற்றமில்லை. அவர் சொன்னது மெய். என்ன சமைக்கிறார் என்று கேளாமல் கடையை மூடியது என் பிழை. வேதநாயகம், இன்ஸ்பெக்டர்.' எழுந்து நின்று அதைச் சத்தமாகப் படித்தேன். முதல் வரியில் குரல் வெளியே வரவில்லை. "கேக்கல!" என்றார் பின்னால் நின்ற ஒருவர். மறுபடி முதலிலிருந்து படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தேவானை அக்கா காகிதத்தை வாங்கி, மை காய ஊதினாள். அன்று சாயங்காலமே அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சோறு போடுகிற இடத்துக்கு நேர் எதிரே, எல்லார் கண்ணிலும் படுகிறபடி மாட்டிவிட்டாள்.

நான் அந்தக் கடைக்கு அதற்குப் பிறகும் மாதாமாதம் சோதனைக்குப் போனேன். ஒவ்வொரு தடவையும் என் கையெழுத்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு தடவை, "அக்கா, போதுமே, எடுத்துடலாமே" என்று கேட்டுப் பார்த்தேன். "கடைக்கு ராசியா இருக்கு, சயா" என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டு வருஷம் கழித்து, ரங்கூனின் அலோன் பகுதியில் சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்கராக இருந்த ஒருவர் இன்சீனுக்கு என் அப்பாவைத் தேடி வந்தார். தம் மகளை எனக்குக் கொடுக்க விருப்பம் என்றார். என் உத்தியோகத்தைக் கேட்டு அதுவரை மூன்று இடங்கள் தட்டிப்போயிருந்தன. அப்பாவுக்கே ஆச்சரியம். "என் பையனை உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "தெரியாது. மத்தியானம் தேவானை அம்மா கடையிலதான் சாப்பிடுறேன். ரெண்டு வருஷமா உங்க மகன் எழுதினதைப் படிச்சிட்டிருக்கேன்" என்றாராம் அவர்.

கல்யாணம் நடந்தது. தேவானை அக்கா இரண்டு டின் நல்லெண்ணெய் சீர் அனுப்பினாள்.

இதையெல்லாம் எழுதி முடித்து என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "எங்கப்பா அந்தக் காயிதத்தைப் பாத்துத்தான் ஏமாந்தாரு" என்றாள். "முப்பது வருஷம் ஆச்சு. வீட்டுல ஒரு தடவையாவது அப்படி எழுதிக் குடுத்திருக்கீங்களா?"